போவது, வருவது

அத்தியாயம் பதினாறு

போன வாரம் அவளைப் படுக்கையறைத் தரையில் முட்டி போட்டபடி விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அதே நிலையில் இருந்தால் முட்டி என்ன ஆகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தோள்பையின் அடியட்டையைத் தூக்கி, டாக்டர் கொடுத்த கடிதத்தை அதற்குக் கீழே தள்ளி, அட்டையை அமுக்கிவிட்டு அவள் எழுந்துகொண்டபோது, கணவரின் செருப்புச் சத்தம் வாசல்வரைதான் வந்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது விடிந்துவிட்டது. மூன்று மணிக்குக் கப்பலில் ஏற வேண்டும். பன்னிரண்டரைக்கு வண்டி வரும்.

அந்தக் கடிதத்தில் மொத்தமே பத்து வரி. அவள் கணவர் வயிற்றில் இருப்பது புண் அல்ல என்பது அதன் சாரம். டாக்டர் அவளையும் மகளையும் மட்டும் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு மாதம் என்றார். அதிலும் கடைசி இரண்டு மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார். வெளியே நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "வெறும் புண்ணுதானாம், காரம் கூடாதாம்" என்று அவள் சொன்னாள்.

பொய் சொல்வதில் அவளுக்குத் தொழில்முறைப் பயிற்சி உண்டு. ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து, "ஒண்ணும் வலிக்காது, உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவள்.

கப்பல் பயணம் மகள் கொடுத்த பரிசு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே ஏற்பாடு செய்திருந்தாள். அப்போது இந்த வியாதி வெளியே தலைகாட்டவில்லை. ஏழு நாள் போய்விட்டு வரட்டும், அதுவரை அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்று முடிவெடுத்தது மனைவி. மகளுக்கு அதில் சம்மதமில்லை. கப்பல் டாக்டர் அவசரத்துக்குப் பார்க்கிற மாதிரி கடிதம் தோள்பையிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாயை மூடிக்கொண்டாள்.

காலை ஏழு மணிக்கே கூடத்துத் தரையில் சாமான்கள் வரிசை கட்டி நின்றன. நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் பட்டியல், காதில் பென்சிலுடன் அவர் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பட்டியலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் திட்டு வாங்குவேன்.

அவர் முப்பத்தொரு வருடம் ஒரு பம்பு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். கடல் கடந்து போகும் இயந்திரங்களை மரப்பெட்டிக்குள் அசையாமல் வைத்து, ஆணியடித்து, முத்திரை குத்தி அனுப்புவது வேலை. அங்கே அவருக்கு வைத்த பெயர் பட்டியலார். பட்டியலில் ஏறாத ஒரு திருகாணிகூட அவர் பெட்டிக்குள் போகாது. அவர் கட்டிய பெட்டிகள் எத்தனையோ கப்பல்களில் போயின. அவர் மட்டும் ஒரு கப்பலின் படியைக்கூட மிதித்ததில்லை.

பட்டியலில் நாலு கட்டங்கள். எண், பொருள், போவது, வருவது. இயந்திரத்தோடு போகிற கருவிகள் திரும்பி வர வேண்டுமல்லவா, அதற்குத்தான் அந்த நாலாவது கட்டம். திரும்ப வேண்டியதற்கு எண்ணிக்கையைப் போடுவார். கிரீஸ் மாதிரி அங்கேயே தீர்ந்துபோகிற பொருள் என்றால் ஒரு கோடு இழுத்துவிடுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. சில வாடிக்கையாளர்கள் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து, பிரிக்கக் கூடாது என்பார்கள். அதற்கு எண் மட்டும் போட்டு, பொருள் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். பெட்டிக்குள் இருக்கிறது, என்னவென்று கேட்காதே என்று அர்த்தம். அடியில் இரண்டு கையெழுத்து. கட்டியவர் ஒன்று, பார்த்தவர் ஒன்று.

வீட்டிலும் இதே சட்டம்தான். எங்கே கிளம்பினாலும் கட்டியவர் அவர், பார்த்தவர் அவள். முப்பத்து நாலு வருடமாக அவள் எதையும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு வருகிறாள். ஒரே ஒருமுறைதான் வீட்டுப் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மலைக்குப் போனபோது. அந்தக் காலிக் கட்டம் அவளுக்கு வாங்கி ஒளித்து வைத்திருந்த கைக்கடிகாரம். அதற்கும் போவது ஒன்று, வருவது ஒன்று என்று எழுதித்தான் வைத்திருந்தார் மனுஷன்.

"பதினெட்டு. காந்தக் கொக்கி, ஆறு," என்று படித்தார்.

"இருக்கு."

"எதுக்குன்னு கேளேன்."

"எதுக்கு?"

"கேபின் சுவரெல்லாம் இரும்புத் தகடு. ஆணி அடிக்க முடியாது. காந்தம்னா சும்மா கப்புனு ஒட்டிக்கும். தொப்பி, பை, ஈரத்துணி எல்லாத்தையும் மாட்டிக்கலாம்."

"ஆணி அடிக்க முடியாதுன்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள வருத்தம்தானே."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது வலது கை தன்னால் வயிற்றின் பக்கம் போய் அமுக்கிக்கொண்டது. அவள் கொக்கிகளைத் திரும்ப எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். அவர் சிரிக்கக் கூடாது என்று ஒரு கணம் தோன்றியதே, அதற்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பத்தொம்பது. சின்ன இரவு விளக்கு, ஒண்ணு. நமக்கு உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. லைட்டை அணைச்சா கை எது கால் எதுன்னு தெரியாது. நீ பயந்துப்ப."

"இருக்கு."

"இருபது. துணி கிளிப், எட்டு. மேல்தளத்துல சாய்வு நாற்காலியில துண்டு விரிச்சா காத்து தூக்கிட்டுப் போயிடுமாம். இருபத்தி ஒண்ணு, குமட்டல் மாத்திரை, ரெண்டு அட்டை. வருவதுல கோடு. இருபத்தி ரெண்டு, இஞ்சி மிட்டாய். அதுக்கும் கோடு."

இப்படியே போனது. காது அடைத்தால் பஞ்சு. கேபின் சாவி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. குளியலறைக் கதவில் தொங்கவிட, அறைகள் வைத்துத் தைத்த துணிப்பை. அதில் சீப்பு முதல் கண்ணாடி வரை போட்டு வைக்கலாம், மேஜையில் வைத்தால் கப்பல் ஆடும்போது உருண்டுவிடும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது. ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"முப்பத்தி எட்டு. கடைசி நாள் உடுப்பு, ஆளுக்கு ஒரு செட், தனியா."

"அது ஏன் தனியா?"

"இறங்கறதுக்கு முதல் நாள் சாயங்காலமே பெட்டியைக் கேபினுக்கு வெளிய வெச்சிடணும். அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. அவசரத்துல எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிட்டு, மறுநாள் நைட்டியோட ஊர் பார்க்க இறங்கினவங்க இருக்காங்களாம். திரும்பி வர்ற நாளை இப்பவே யோசிக்கணும். அதான் பேக்கிங்."

அவள் தன் ஊதா நிறப் புடவையையும் அவருடைய கோடு போட்ட சட்டையையும் ஒன்றாக மடித்து வைத்தாள். சட்டைக்குக் கீழே அவருடைய பெல்ட் சுருண்டு கிடந்தது. அதில் புதிதாக இரண்டு ஓட்டைகள். ஒன்று இப்போது அவர் போடும் இடத்தில். இன்னொன்று அதற்கும் உள்ளே, இரண்டு விரல் தள்ளி.

"இது எதுக்குங்க ரெண்டு?"

"எப்படியும் ஆணி எடுத்தாச்சு. ஒண்ணா அடிச்சு வெச்சேன்," என்றார், பட்டியலிலிருந்து தலை தூக்காமல்.

ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். மாத்திரைகளை அதனதன் அட்டைப்பெட்டியோடு, சீட்டோடு கொண்டுவந்திருந்தாள். தனியாகப் பிரித்து டப்பாவில் போட்டால் கப்பலில் கேள்வி கேட்பார்கள்.

"அப்பா, பெரிய பெட்டியை எல்லாம் துறைமுகத்துலயே வாங்கிப்பாங்க. அது உங்க கேபினுக்கு வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தோள்பைதான். மாத்திரை, பேப்பர், ஒரு மாத்துத்துணி எல்லாம் அதுல இருக்கணும்."

"எனக்கே பேக்கிங் சொல்லித் தர்றியா பாப்பா," என்றார் அவர். முப்பத்திரண்டு வயது பாப்பா. "தோள்பையைக் கடைசியா கட்டறதுதான் முறை. கடைசியா கட்டறது முதல்ல திறக்கறது."

"இஸ்திரிப் பெட்டியை வெளிய எடுங்க."

"ஏன்?"

"கப்பல்ல அனுமதி இல்ல. நெருப்புப் பயம். பிடுங்கி வெச்சுப்பாங்க."

"அப்ப சட்டை கசங்கினா?"

"கசங்கட்டும்பா. யாரு பார்க்கப் போறா."

"நான் பார்ப்பேனே," என்றார் அவர், நிஜமாகவே மனம் நொந்து. இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பட்டியலில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். பிறகு ஒவ்வொரு சட்டையையும் பிரித்து, கசங்காமலிருக்க உருளையாகச் சுற்ற ஆரம்பித்தார்.

சமையலறைக்குள் நுழைந்ததும் மகள் குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமலிருக்க.

"அம்மா, இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. சொல்லிடு."

"சொல்லி?"

"அவரு வாழ்க்கைம்மா. அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"ஏழு நாள்டி. முப்பத்தொரு வருஷம் கப்பலுக்குப் பெட்டி கட்டின மனுஷன். ஒரு ஏழு நாள் அந்தக் கொக்கியை மாட்டி, கிளிப்பை மாட்டி, சந்தோஷமா இருந்துட்டு வரட்டும். வந்ததும் நானே சொல்றேன்."

"அது அவரு சந்தோஷமா, உன் சந்தோஷமா?"

அவள் கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"அவருக்கு யார்கிட்டயாவது ஏதாவது சொல்ல இருக்கலாம். யாரையாவது பார்க்கணும்னு இருக்கலாம். நல்லா நடக்க முடியற நாள் எத்தனை மிச்சம் இருக்குன்னு நமக்கே தெரியல. அதுல ஏழு நாளை நீ எடுத்துக்கற, அவரைக் கேட்காம." மகள் குழாய்த் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டாள். "கடிதம் பையில இருக்குல்ல?"

"இருக்கு. அடியட்டைக்குக் கீழ. அது என் பை, அவரு தொட மாட்டாரு."

மகள் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. எத்தனையோ பேரைப் பொய் சொல்லி உள்ளே அனுப்பியவளுக்கு, ஒரே ஒருவரிடம் நிஜத்தைச் சொல்லி அவர் முகம் மாறுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவர் சந்தோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய பெட்டிகள் இரண்டும் பூட்டப்பட்டன. கப்பல் கம்பெனி அனுப்பிய அடையாளச் சீட்டுகளை, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கைப்பிடியில் கம்பியால் முறுக்கினார். மகள் பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு கீழே வண்டிக்குக் காத்திருக்கப் போனாள். மனைவி வீட்டுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு டெய்லர் அம்மாவிடம் கொடுக்கப் போனாள்.

டெய்லர் அம்மா லேசில் விடுகிற ஆள் அல்ல. கப்பல் எத்தனை மாடி, ஆடுமா, தலை சுற்றுமா, கொடுத்து வெச்ச மகராசி நீ, இந்த வயசுல எந்தப் புருஷன் இப்படிக் கூட்டிட்டுப் போறான் என்று கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டாள். அவளும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள். கன்னம் வலித்தது.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. படுக்கையறையில் கட்டில் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோள்பை, வாய் மூடி, வார் இழுத்துக் கட்டி, கிளம்பத் தயாராக இருந்தது.



"பையைக் கட்டிட்டீங்களா? நான் கட்டறேன்னு சொன்னேனே."

"நீ வர நேரமாச்சு. மாத்திரை எல்லாம் மேலாப்புலயே இருக்கு."

அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போல்தான் இருந்தது. நன்றாகச் சவரம் செய்த, கொஞ்சம் இளைத்த முகம். கண்கள் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் இருந்தன.

"உன்னை ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"உங்க டாக்டர்கிட்ட வர்றவங்களை, வலிக்காதுன்னு சொல்லி உள்ள அனுப்பறியே. அவங்க அதை நம்பறாங்களா?"

அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்க நம்பறாங்க. நம்பற மாதிரி தலையாட்டுவாங்க."

"ஏன் அப்படி?"

"நான் சங்கடப்படக் கூடாதுன்னுதான்."

"ம்," என்றார். நாள்காட்டியைப் பார்த்தபடியே, "நல்ல ஜனங்க," என்றார்.

சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து அவளிடம் நீட்டினார். கூடவே பென்சிலையும். "பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு."

எத்தனை பயணம், எத்தனை பட்டியல். ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சும்மா, அவரைப் பார்க்காமலிருக்க ஒரு சாக்கு. இரண்டாவது பக்கத்துக்கு வந்தாள். பெரிய பெட்டிகள் முடிந்து, 'தோள்பை' என்று அடிக்கோடிட்டிருந்த இடம்.

நாற்பத்தாறு. மடிக்கும் காலிப்பை, திரும்பும்போது கூடுதல் சாமானுக்கு. போவது ஒன்று, வருவது ஒன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'தட்டை. அடியட்டைக்குக் கீழே.'

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

தட்டையானது அடியில். பேக்கிங்கில் முதல் பாடமே அதுதான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது. அது ஊறிப்போய்த்தான் நேற்று யோசிக்காமலே அவள் கை அந்தக் கடிதத்தை அடியட்டைக்குக் கீழே கொண்டுபோனது. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அவர் முதலில் கைவைக்கும் இடமாகப் பார்த்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

நாற்பத்தேழு. பொருள் கட்டம் காலி. போவது ஒன்று, வருவது ஒன்று.

எழுத்து நடுங்கவில்லை. எண் மற்ற எண்களைப் போலவே நேராக நின்றது. பெட்டிக்குள் இருக்கிறது, என்னவென்று கேட்காதே. படித்துவிட்டார். படித்துவிட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, அவள் பார்ப்பாளோ மாட்டாளோ என்று தெரியாமலே அவளுக்கு ஓர் இடம் விட்டு எழுதியிருக்கிறார். நம்புகிற மாதிரி தலையாட்டியிருக்கிறார்.

நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட வேண்டும், பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று பென்சிலைக் கீழே வைக்கப் போனாள். அப்போதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது.

நாற்பத்தெட்டு. அதிலும் பொருள் கட்டம் காலி.

ஒரு கணம் அவள் மனம் கைக்கடிகாரத்தை நினைத்தது. மறுபடியும் ஏதோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார், கப்பலில் கொடுக்கப் போகிறார் என்று ஆசைப்பட்டது. கண்ணை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

போவது ஒன்று. வருவது, கோடு.

ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. சோப்புக்கும் இஞ்சி மிட்டாய்க்கும் போடுகிற அதே கோடு. போனால் திரும்பி வராதது.

சோப்பில்லை, மாத்திரையில்லை. அவற்றுக்குப் பெயர் எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல முடியாத எதை ஒரு மனுஷன் கடலுக்கு எடுத்துக்கொண்டு போவான், திரும்பக் கொண்டுவர மாட்டேன் என்று இப்போதே எழுதிவைத்துவிட்டு? அந்தக் கடிதத்தைப் படித்த கால் மணி நேரத்துக்குள்? அவள் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை, அவள் துரத்தத் துரத்தத் திரும்பி வந்தன. மேல்தளத்துக் கம்பி வேலி வந்தது. ஜன்னலில்லாத அறையில் அந்தச் சின்ன விளக்கும், பக்கத்தில் காலியான படுக்கையும் வந்தன.

"என்ன, எழுத்து புரியலையா?" என்றார் அவர்.

கேட்டிருக்கலாம். இது என்னங்க என்று விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டைக் கேட்டால் நாற்பத்தேழுக்குப் பதில் சொல்ல வேண்டும். தான் பூட்டிய பூட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு நின்றாள்.

கீழேயிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, வண்டி வந்தாச்சு."

"எல்லாம் சரியா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"சரியா இருக்கு," என்றாள் அவள், வரவேற்பறைக் குரலில்.

பார்த்தவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முப்பத்து நாலு வருடத்தில் முதன்முறையாக, நிஜமாகவே பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து.

அவர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து நிற்கக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் வழக்கம்போல் தோள்பைக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றார் அவர்.

இரண்டு வாரமாகத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்காத மனுஷன், பையை எடுத்துக் குறுக்காக மாட்டிக்கொண்டார். வாரைச் சரி செய்து, பையின் மேல் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை இதை நான் தூக்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்தார்.